ஆள் கொண்டுவந்தவனுக்குப் பங்கு

1884-இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ரீட் என்பவர் குதிரைப் பந்தயத் தரகர். ஆண்டர்சன் என்பவருக்காகத் தன் பெயரில் பந்தயம் கட்டினார். குதிரைகள் தோற்றன. ஆண்டர்சன் கையை விரித்துவிட்டார். பந்தயப் பணத்தைக் கட்டாமல் விட்டால் டாட்டர்சால்ஸ் பந்தய வட்டாரத்தில் ரீடின் பெயர் கெட்டுவிடும். பிறகு தொழில் செய்ய முடியாது. அதனால் கைக்காசைப் போட்டுக் கட்டிவிட்டு ஆண்டர்சன் மீது வழக்குத் தொடுத்தார். 1845-ஆம் ஆண்டுச் சட்டப்படி சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது. வென்றவன் தோற்றவனிடம் பணம் கேட்டு நீதிமன்றப் படியேற முடியாது. ஆனால் தரகர் கேட்பது சூதில் வென்ற பணத்தை அல்லவே, சொன்ன வேலையைச் செய்ததில் ஆன செலவைத்தானே என்று மூன்று நீதிபதிகளில் இருவர் ஏற்றுக்கொண்டார்கள். ரீட் ஜெயித்தார்.

நாடாளுமன்றத்துக்கு அது பிடிக்கவில்லை. 1892-இல் மிகச் சிறிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பின் வாசலை அடைத்தது. தரகர் கைக்காசு போட்டுக் கட்டியதையும் கேட்க முடியாது. கமிஷன், கட்டணம், வெகுமதி என்று எந்தப் பெயரில் வந்தாலும் சூதாட்டத்துக்காகச் செய்த வேலையின் கூலியையும் கேட்க முடியாது. வாக்குக் கொடுத்தவன் மறுத்தால் மறுத்ததுதான். இந்தச் சட்டம் 115 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் அதை நீக்கியது. அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது 2007 செப்டம்பர் 1-இல்.

இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் கேசினோவுக்கு ஆள் அனுப்பிக் கமிஷன் வாங்கும் தொழில் பிறந்து, வளர்ந்து, கொழித்தது எல்லாம் அதற்கு முன்னால். சூதாட்டத் தரகுக்கூலி என்றாலே இங்கிலாந்து நீதிமன்றம் காது கொடுக்காத காலத்தில் பிறந்த பிள்ளை அது.

கேசினோவுக்கு ஆள் கூட்டி வந்து பங்கு வாங்குவது அதற்கும் முந்தைய தொழில். 1960-களில் நியூயார்க்கில் ஜூலியஸ் வைன்ட்ராப் என்ற நகை வியாபாரி, ஊரார் 'பிக் ஜூலி' என்று அழைத்தவர், விமானம் நிறையச் சூதாடிகளை லாஸ் வேகாஸின் டியூன்ஸ் விடுதிக்கு அழைத்துப் போனார். இதற்கு ஜங்கெட் என்று பெயர். பின்னாளில் சீனாவின் மக்காவ் நகரில் ஜங்கெட்காரர்கள் தனி அறைகளே நடத்தினார்கள். கமிஷன் போட்டி முற்றிப்போய், உருட்டிய சில்லுகளின் மதிப்பில் 1.25 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 2009-இல் அரசே வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. அந்தத் தொழிலில் கெட்டது ஆயிரம் உண்டு. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது: ஜங்கெட்காரர் மேஜைப் பக்கத்திலேயே நின்றார். தன் ஆள் எத்தனை சில்லு வாங்கினான், எத்தனை இழந்தான் என்பதைக் கண்ணால் பார்த்தார். கேசினோ கணக்கை மாற்றிச் சொன்னால் அங்கேயே சண்டை போட்டிருப்பார்.

இணையத்துத் தரகருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இணையக் கமிஷனின் தொடக்கம் பூக்கடையில். வில்லியம் டோபின் 1989-இல் பிராடிஜி என்ற கணினி வலையமைப்பில் பி.சி. ஃபிளவர்ஸ் அண்டு கிஃப்ட்ஸ் என்ற கடையைத் தொடங்கி, விற்பனையில் ஒரு பங்கை பிராடிஜிக்குக் கொடுத்தார். 1994-இல் இசைத்தட்டு விற்ற சிடிநௌ நிறுவனம், தன் கடைக்கு இணைப்புக் கொடுக்கும் பிற தளங்களுக்கும் பங்கு தர ஆரம்பித்தது. அதே ஆண்டு நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி 'குக்கி'யை உருவாக்கினார். வந்துபோன ஆளை உலாவி நினைவில் வைத்துக்கொள்ள உதவும் சின்னஞ்சிறு கோப்பு அது. யார் வழியாக இந்த வாடிக்கையாளர் வந்தார் என்பதற்குச் சாட்சியாகவும் பயன்பட்டது. 1996 ஜூலையில் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தை அறிவித்ததும் வழி அகலமானது. புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுது, இணைப்பைக் கொடு, விற்றால் உனக்குப் பங்கு.

புத்தகக் கணக்கு எளிது. புத்தகம் விற்றதா, இல்லையா, விலை என்ன, அதில் இத்தனை சதவீதம். பணத்தைக் கட்டியதோடு முடிந்தது.

கேசினோவில் விற்பனை என்று ஒன்று கிடையாது. வந்தவன் நூறு பவுண்டு கட்டுவான், ஐம்பது ஜெயிப்பான், எண்பது தோற்பான், போனஸ் வாங்குவான், மறுவாரம் திரும்ப வருவான். இதில் எதற்குக் கமிஷன்? தொழில் கண்டுபிடித்த விடை இரண்டு. ஒன்று, பணம் கட்டும் ஒவ்வொரு புது ஆளுக்கும் ஒரே தடவை ஒரு தொகை. மற்றொன்று வருவாய்ப் பங்கு: நீ கூட்டி வந்தவன் எவ்வளவு தோற்கிறானோ, அதில் இத்தனை சதவீதம், அவன் ஆடும் காலம் வரைக்கும். 'வாழ்நாள் முழுக்க' என்றே விளம்பரம் செய்தார்கள்.

இந்த இரண்டாவது ஏற்பாட்டை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அறிமுகம் செய்தவருக்கு வருமானம் வர வேண்டுமானால் அறிமுகம் செய்யப்பட்டவர் தோற்க வேண்டும். அவர் ஜெயித்தால் இவருக்கு நஷ்டம். 'சிறந்த பத்து கேசினோக்கள்' என்று பட்டியல் போட்டு, எதில் ஆடினால் நல்லது என்று வாசகருக்கு ஆலோசனை சொல்பவரின் பிழைப்பு அந்த வாசகரின் தோல்வியில் இருக்கிறது. இப்படி இணைப்புக் கொடுத்து ஆள் அனுப்புபவருக்கு அஃபிலியேட் என்று பெயர். கமிஷன் தகராறில் பணம் கிடைக்காத அஃபிலியேட்டுக்காகப் பரிதாபப்படும்போது இதையும் மறந்துவிடக் கூடாது. பாக்கி நிற்கிற பணம் யாரோ ஒருவருடைய வீட்டுச் செலவுக்கான பணம்.

கேசினோக்கள் இவ்வளவு தாராளமாகப் பங்கு கொடுத்ததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. வேறு வழி இருக்கவில்லை. ஆன்டிகுவா 1994-இல் சட்டம் போட்டு இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. 1996-இல் மான்ட்ரியால் அருகே மோஹாக் பழங்குடியினரின் கானவாகே பகுதியில் ஒரு சூதாட்ட ஆணையம் அமைந்தது. அதே ஆண்டு இன்டர்கேசினோ நிஜப் பணத்துக்கு ஆட்டம் நடத்தியது. வாடிக்கையாளரில் பெரும்பகுதி அமெரிக்கர். அமெரிக்காவிலோ கம்பிவழிப் பந்தயத்தைத் தடுக்கும் 1961-ஆம் ஆண்டு வயர் சட்டம் தலைமேல் தொங்கியது. 2004 ஏப்ரலில் கூகுளும் யாகூவும் சூதாட்ட விளம்பரத்தையே நிறுத்திக்கொண்டன. காசு கொடுத்து விளம்பரம் போட முடியாது. ஆனால் தேடினால் இயல்பாக வரும் முடிவுகளை யாரும் தடுக்கவில்லை. அந்த முடிவுகளில் முதலிடம் பிடிக்கத் தெரிந்தவர்கள் அஃபிலியேட்டுகள். வீட்டில் உட்கார்ந்து இரவு பகலாகக் கேசினோ விமர்சனம் எழுதிய தனி ஆட்கள். கேசினோவுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களுக்குக் கேசினோ தேவைப்பட்டது. இடையில் இருந்தது கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கு முழுக்கக் கேசினோவின் கணினியில்.

மாதக் கணக்கு எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் நீங்கள் அனுப்பிய இருபது பேர் ஒரு மாதத்தில் 10,000 பவுண்டு தோற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 30 சதவீதம். 3,000 பவுண்டு வரும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது 'நிகர வருவாயில்' 30 சதவீதம். அந்த 'நிகர' என்ற சொல்லுக்குள்தான் எல்லாக் கழிவும் இருக்கிறது. கேசினோ கொடுத்த போனஸ் 2,000 கழியும். 2026 மார்ச் வரையிலான வீதப்படி அரசு வரி 21 சதவீதம், 2,100 கழியும். மென்பொருள், நிர்வாகக் கட்டணம் என்று 1,000. அட்டைக் கட்டணமும், வாடிக்கையாளர் வங்கியிடம் புகார் சொல்லித் திரும்பப் பெற்ற பணமும் சேர்ந்து 400. மிஞ்சுவது 4,500. அதில் 30 சதவீதம் 1,350. ஒரு சதவீதம்கூடக் குறைக்காமலே பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. ஒவ்வொரு கழிவும் உண்மையா என்று சரிபார்க்க உங்களிடம் ஒரு ரசீதும் கிடையாது.

அடுத்த மாதம் அந்த இருபது பேரில் ஒருவருக்கு 12,000 அடித்துவிட்டது. மற்றவர்கள் 6,000 தோற்றார்கள். கணக்கு மைனஸ் 6,000. உங்கள் பங்கு மைனஸ் 1,800. உங்களிடம் அதை வசூலிக்க மாட்டார்கள், ஆனால் எழுதி வைப்பார்கள். மூன்றாம் மாதம் வரும் கமிஷன் முதலில் இந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டுத்தான் உங்களுக்கு வரும். இதற்கு நெகட்டிவ் கேரிஓவர் என்று பெயர். சில நிறுவனங்கள் மாதம் பிறந்ததும் மைனஸைப் பூஜ்யமாக்கிவிடுவோம் என்று சொல்லி அஃபிலியேட்டுகளை இழுத்தன. ஆனால் பெரிய தொகை ஜெயித்த ஆளை மட்டும் தனியே பிரித்து, அவருடைய மைனஸைத் தொடர்ந்து சுமத்தும் விதி ஒன்று ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கும். இன்னும் சில நிறுவனங்களிடம் ஐந்தாறு கேசினோப் பெயர்கள் இருக்கும். ஒன்றில் வந்த மைனஸை மற்றொன்றில் வந்த லாபத்தில் கழிப்பார்கள்.

இதுவரை சொன்னது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது. தகராறு பெரும்பாலும் எழுதாத இடத்தில் பிறந்தது. கணினியில் இணைப்பைச் சொடுக்கியவர் மறுநாள் கைபேசியில் நேராகப் போய்ப் பதிவு செய்தால், அவர் யார் அனுப்பிய ஆள்? குக்கி சாட்சி சொல்லாது. ஒரு கேசினோவை மூடி அதன் வாடிக்கையாளர்களை வேறு பெயருள்ள கேசினோவுக்கு மாற்றினால், பழைய அஃபிலியேட்டின் அடையாளம் கூடவே போகுமா, வழியில் உதிர்ந்துவிடுமா? பத்து ஆட்கள் பதிவானதில் எட்டு மட்டும் காட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கடைசி வேலைக்குத் தொழிலில் 'ஷேவிங்' என்று பெயர். தானே தன் தளத்தின் வழியாகப் பதிவு செய்து, தன் கணக்கு அறிக்கையில் தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்த அஃபிலியேட்டுகள் உண்டு. அப்படிச் சோதித்ததையே 'சுய பரிந்துரை, விதிமீறல்' என்று சொல்லிக் கணக்கை மூட முடியும். ஒப்பந்தம் அதற்கும் இடம் கொடுக்கிறது.

இதோடு எல்லாவற்றுக்கும் மேலான வரி ஒன்று: நிறுவனம் இந்த விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், தொடர்ந்து இணைப்பை வைத்திருந்தால் சம்மதித்ததாகப் பொருள். இந்த வரியை வைத்துக்கொண்டு 'வாழ்நாள்' என்பதை முடிந்தபோது முடித்துக்கொண்டார்கள். மாதம் இத்தனை புது ஆள் அனுப்பாவிட்டால் பழைய ஆட்களின் பங்கு குறையும் என்று விதி போட்டார்கள். ஐந்து வருடம் எழுதி ஆள் சேர்த்தவர் ஒரு மாதம் நோயில் படுத்தால் பங்கு போய்விடும். என் கணக்கில் இது கமிஷன் தகராறு இல்லை; கூலியைக் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பிடுங்குவது.

அஃபிலியேட்டுகள் மட்டும் யோக்கியர்களா என்று கேட்டால், இல்லை. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கிடைத்தபோது போலி ஆட்களைப் பதிவு செய்து, குறைந்தபட்சத் தொகை கட்டி, கமிஷனை வாங்கிக்கொண்டு மறைந்தவர்கள் நிறைய. சூதாட்டத்துக்கு வெளியே, ஈபேக்கு ஆள் அனுப்பிய முதலிடத்து அஃபிலியேட் ஒருவர், பார்வையாளர் சொடுக்காமலேயே அவர் உலாவியில் குக்கியைத் திணித்து ஏறக்குறைய 2.8 கோடி டாலர் கமிஷன் வாங்கினார். அமெரிக்க நீதிமன்றம் 2014-இல் அவரைச் சிறைக்கு அனுப்பியது. 'மோசடி ஆட்கள், அதனால் பணம் இல்லை' என்று கேசினோ சொல்லும்போது அது சில நேரம் உண்மை, சில நேரம் சாக்கு. எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாததுதான் தொல்லை.

தொழிலின் முதல் பெரிய அடி 2006-இல். துறைமுகப் பாதுகாப்பு மசோதாவின் வாலில் கட்டி, இணையச் சூதாட்டத்துக்குப் பணம் போகும் வழியை அடைக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அக்டோபர் 13-இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். லண்டன் பங்குச் சந்தையில் இருந்த பார்ட்டிகேமிங் என்ற இணையச் சூதாட்ட நிறுவனம் அமெரிக்காவை விட்டு வெளியேறியது. அறிவிப்பு வந்த நாளில் அதன் பங்கு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. அமெரிக்க ஆட்களை அனுப்பி வைத்திருந்தவர்களின் வாழ்நாள் வருமானம் அன்றோடு சரி. 2007 ஜனவரியில் நெடெல்லர் நிறுவனர்கள் இருவர் அமெரிக்காவில் கைதானார்கள். சூதாடியும் கேசினோவும் அஃபிலியேட்டும் பணம் மாற்றிக்கொண்ட வழி அது. அங்கே அமெரிக்கர்கள் வைத்திருந்த பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. பெரிய, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் போன இடத்துக்கு, முகவரி மாறிக்கொண்டே இருக்கும் சிறிய நிறுவனங்கள் வந்தன. பழகிய தொழிலை விட மனமில்லாத அஃபிலியேட்டுகள் அவற்றுக்கே ஆள் அனுப்பினார்கள். பாக்கிக் கதைகள் பெருகியது அந்தப் பக்கத்தில்.

நீதி எங்கே கேட்பது? ஒப்பந்தம் ஜிப்ரால்டர் சட்டப்படி இருக்கும், அல்லது மால்டா, அல்லது குரசாவ். ஆயிரத்து முந்நூறு பவுண்டு பாக்கிக்காக யாரும் விமானம் ஏறி வழக்கறிஞர் வைக்க மாட்டார்கள். சூதாடிக்காவது பிரிட்டனில் தகராறு தீர்க்கும் அமைப்பு உண்டு. உரிமம் பெற்ற கேசினோ அதில் சேர்ந்திருக்க வேண்டும். அஃபிலியேட்டின் பாக்கி இரண்டு வியாபாரிகளுக்கு இடைப்பட்ட விவகாரம். அந்த அமைப்பின் கதவு அவருக்குத் திறக்காது. அவர்கள் தங்களுக்குள் சங்கம் வைத்தார்கள், ஒழுங்காகப் பணம் தரும் நிறுவனத்துக்கு முத்திரை கொடுத்தார்கள், தராதவரின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டார்கள். இணைப்பை எடுத்துவிடுவோம் என்ற மிரட்டல்தான் அவர்களின் ஒரே ஆயுதம். நூறு பேர் சேர்ந்து எடுத்தால் வலிக்கும். தனி ஆள் எடுத்தால் அந்த இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்வார்.

பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு திருப்பம். 2017-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஒரு விளம்பரத்தைத் தடை செய்தது. செய்திக் கட்டுரை போல வேடமிட்ட விளம்பரம். வில்லியம் என்று ஒரு கதாபாத்திரம்; கடனில் மூழ்கியவர், மனைவி நோயாளி; ஆன்லைன் கேசினோவில் ஆடி ஜெயித்துக் கடனை அடைத்துவிட்டாராம். எழுதியவர்கள் அஃபிலியேட்டுகள், ஆள் போய்ச் சேர்ந்தது 888, லேட்புரோக்ஸ், ஸ்கை வேகாஸ், கசூமோ ஆகிய நிறுவனங்களிடம். எழுதியது நாங்கள் இல்லை என்ற பதில் எடுபடவில்லை. அதே ஆண்டு ஸ்கை பெட்டிங் நிறுவனம் பிரிட்டனில் தன் அஃபிலியேட் திட்டத்தையே மூடியது. 2018-இல் லியோவேகாஸ் என்ற கேசினோ நிறுவனத்தின் மீது பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 6 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அதற்கான காரணங்களில் அஃபிலியேட்டுகளின் தவறான விளம்பரங்களும் உண்டு. கணக்கை ஒரு கையில் வைத்திருந்தவர்களிடம் இப்போது பொறுப்பையும் அதே கையில் கொடுத்துவிட்டார்கள். விளைவு எதிர்பார்த்ததுதான்: 'விதிமீறல்' என்ற காரணத்துக்குப் பாக்கியை நிறுத்தி வைப்பது முன்னைவிடச் சுலபமாயிற்று, இம்முறை சட்டத்தின் துணையோடு.

பெரியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். கட்டெனா மீடியா 2016-இலும் பெட்டர் கலெக்டிவ் 2018-இலும் ஸ்டாக்ஹோம் பங்குச் சந்தைக்கு வந்தன. இவர்களும் அஃபிலியேட்டுகள்தான், ஆனால் சட்டப் பிரிவு, கணக்குப் பிரிவு எல்லாம் வைத்திருப்பவர்கள். இவர்களிடம் வாலாட்டக் கேசினோ யோசிக்கும். இழப்பெல்லாம் வீட்டில் உட்கார்ந்து எழுதுபவருக்கு. 2025 நவம்பர் பட்ஜெட்டில் பிரிட்டன் அந்த 21 சதவீத வரியை 2026 ஏப்ரல் முதல் 40 சதவீதமாக்குவதாக அறிவித்தது. மேலே போட்ட உதாரணத்தில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால், மிஞ்சுவது 2,600; அஃபிலியேட் பங்கு 780 பவுண்டு.

நம் பக்கத்துச் சட்டம் எப்படி? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவும் பந்தய ஒப்பந்தம் செல்லாது என்றே சொல்கிறது. ஆனால் 1892-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம் போல, தரகையும் சேர்த்து அடைக்கும் சட்டம் பம்பாய் மாகாணத்தில் மட்டும் 1865 முதலே இருந்தது. மற்ற இடங்களில், சூது செல்லாதது என்றாலும் சட்டவிரோதம் ஆகாது, ஆகவே அதை ஒட்டிய பக்க ஒப்பந்தம் செல்லும் என்று 1959-இல் கேருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரீட் ஜெயித்த அதே தர்க்கம். 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த இணைய விளையாட்டுச் சட்டம் அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, விளம்பரம் செய்வதும் குற்றம்: இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

'இணைப்பைப் பகிருங்கள், 40 சதவீதம் வாழ்நாள் கமிஷன்' என்று கைபேசிக்குச் செய்தி வந்தால், முதலில் யோசிக்க வேண்டியது உங்கள் பேச்சை நம்பி ஆடப் போகிறவரைப் பற்றி. அடுத்தது உங்களைப் பற்றி. நாளைக்குக் கமிஷன் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால், முதலில் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.